வாப்பு வேறு, வாய்வு வேறு: சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு

திருப்பதி போய் வந்தேன் என்றதும் லட்டு எங்கே என்று கேட்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். நான் மலை ஏறவில்லை. தரிசன டிக்கெட், அறை, மொட்டை பற்றியெல்லாம் ஏற்கெனவே விலாவாரியாக எழுதியாகிவிட்டது, தேடிப் படித்துக்கொள்ளுங்கள். இது கீழ்த் திருப்பதியில் ஒரு மூட்டு நோய் மருத்துவரைப் பார்க்கப் போன கதை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

நான் அரக்கோணத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். என் தங்கை கஸ்தூரியை ஒன்பது வருடத்துக்கு முன்னால் நகரியில் கட்டிக்கொடுத்தோம். நகரி ஆந்திராவில் இருந்தாலும் வீட்டுக்குள் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. கஸ்தூரி ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறாள். அவள் கணவர் முனிரத்தினம் சொந்தமாக ஒரு சின்ன லாரி ஓட்டுகிறார். ஜூன் மாதத்தில் ஒருநாள் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி சிரித்துக்கொண்டே, "பால் பாக்கெட்ட பல்லாலதான்கா கடிச்சிப் பிரிக்கிறேன், விரலு மடங்கமாட்டேங்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி திறந்த கையோடு இரண்டு நாள் லீவு கேட்டதற்குத் தலைமையாசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அரக்கோணத்திலிருந்து நகரிக்கு ரயில்தான் சுகம். திருத்தணி தாண்டி ஏகாம்பரகுப்பம் என்ற நிலையத்தில் இறங்க வேண்டும், நகரி என்று பெயர்ப்பலகை தேடிக்கொண்டிருந்தால் புத்தூருக்குப் போய்ச் சேருவீர்கள். காலைப் பாசஞ்சரில் டிக்கெட் இருபது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும்.

வீட்டில் கஸ்தூரி காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். விரல் கணுக்கள் வீங்கிப் பளபளவென்று இருந்தன. வலது மணிக்கட்டு இட்லி போல உப்பியிருந்தது. காலையில் எழுந்தால் பத்து மணி வரைக்கும் கை யாருடைய கையோ போலக் கிடக்குமாம். ஆனால் முகம் மட்டும் வட்டமாக, கன்னம் புஷ்டியாக இருந்தது. "நல்லா சதை போட்டுட்டேன்ல?" என்று பெருமையாகக் கேட்டாள். அலமாரியில் சிங்கம் படம் போட்ட ஆரஞ்சு நிற டப்பா. மேலே தெலுங்கிலும் தமிழிலும் கொட்டை எழுத்தில் நோய் எதிர்ப்பு சக்திப் பவுடர் என்று அச்சடித்திருந்தது.

கதையைக் கேட்டேன். போன வருடமே கை வீங்கியதும் தனியாகத் திருப்பதிக்குப் போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு முனிரத்தினம் லோடு ஏற்றிப் போயிருந்தார். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு மூன்று மாதத்தில் கை நன்றாகிவிட்டது. என்னிடம் போனில் "கை வலிக்குக் காட்டினேன், சரியாப்போச்சி" என்று மட்டும் சொன்னாள். "அந்த மாத்திரை எங்கே?" என்று கேட்டேன்.

"அந்த வாய்வு மாத்திரையா? அத நிறுத்தி ரொம்ப நாளு ஆவுதுக்கா. வாய்வுதான் கொறஞ்சிடுச்சே, அப்புறம் எதுக்கு துன்னணும்? பூண்டு, பெருங்காயம் சேத்துக்கினாலே போதும்னு எல்லாரும் சொன்னாங்க."

மூட்டு வலி மாத்திரைக்கு எதற்கு வாய்வு என்று பெயர் வைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் முட்டி வலித்தாலும் முதுகு பிடித்தாலும் வாய்வு என்பதுதான் வழக்கம், அதனால் வீட்டில் வைத்துக்கொண்ட பேச்சாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாத்திரையை நிறுத்திய பிறகு வீக்கம் திரும்ப வந்திருக்கிறது. அந்தச் சமயம் பார்த்து முனிரத்தினத்தின் போனில் ஒரு வீடியோ வந்து விழுந்திருக்கிறது. சித்தூரில் ஒரு சார் இருக்கிறார், மெஷின் வைத்து எதிர்ப்பு சக்தியை அளந்து பவுடர் தருகிறார் என்று. அவரிடம் வாங்கியதுதான் அந்தச் சிங்க டப்பா. நான் போன அன்றைக்கு அந்த சார் மறுபடி சித்தூரில் இரண்டு நாள் முகாம் போட்டிருந்தார். முனிரத்தினத்துக்கு அன்றைக்கே சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிக்கு லோடு இருந்தது. நான் திருப்பதி என்றேன், அவர் சித்தூர் என்றார். கடைசியில் இரண்டும் போவதென்று முடிவானது. லாரி முன்பக்கத்தில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்துகொண்டோம். பின்னால் கிளிமூக்கு மாங்காய், அங்கே அதற்குப் பெயர் தோத்தாபுரி.

நகரியிலிருந்து புத்தூர், கார்வேட்டிநகரம் வழியாகச் சித்தூருக்கு எழுபது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். லாரியில் மூன்று மணி நேரம் ஆனது, காரில் போனால் இரண்டு போதும். கார்வேட்டிநகரத்துக்கு அப்புறம் சாலை இரண்டு பக்கமும் மாந்தோப்புதான். சிவப்பு மண், அடிவாரத்தில் பாறைக் குன்றுகள், தாழ்ந்த கிளையில் கொத்துக் கொத்தாகக் காய். வேறு நாளாக இருந்தால் இறங்கி நின்று பத்துப் படம் எடுத்திருப்பேன். அன்றைக்கு ஒன்றுகூட எடுக்கவில்லை.

புத்தூரில் டீக்கு நிறுத்தினோம். கஸ்தூரி டம்ளரைப் பிடித்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு டீக்கடைக்காரர், "புத்தூர் கட்டு போட்டுக்கோமா, இங்க பக்கத்துலதான்" என்றார். எலும்பு எதுவும் முறியவில்லை என்று சொன்னேன். "முறியலன்னா இன்னா, கட்டிக்கினா நல்லதுதான?" என்றார். இந்த நாட்டில் வைத்தியம் சொல்லாதவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

வழியெல்லாம் முனிரத்தினம் என்னை மசிய வைக்கப் பார்த்தார். "லேதுக்கா, நீ ஒருவாட்டி அந்த மெஷின பாரு. கைய வச்சா கம்ப்யூட்டர்ல அத்தனையும் வருது. இவளுக்கு இம்யூனிட்டி முப்பத்தினாலு பர்சென்ட்டுதான் கீதாம். பவுடரு துன்ன ரெண்டே நாள்ல வலி போச்சி, தெலுசா?"

"அப்ப இப்ப ஏன் மறுபடி வீங்கிக்கினு கீது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான்க்கா செகண்ட் கோர்ஸு."

இரண்டே நாளில் வலி போனது என்ற பேச்சு எனக்கு உறுத்தியது. பயிரா முளைக்கிறது, சக்தி இரண்டு நாளில் ஏறுவதற்கு? ஆனால் ஓட்டுகிற ஆளிடம் சண்டை போட வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சித்தூருக்கு வெளியே ஃபேக்டரி வாசலில் மாங்காய் லாரிகள் ஒரு கிலோமீட்டருக்கு வரிசை கட்டி நின்றன. சீசனில் இறக்குவதற்கு ஒன்றரை நாள்கூட ஆகுமாம். பின்னால் நின்ற டிரைவரிடம் லாரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முனிரத்தினம் எங்களை ஷேர் ஆட்டோவில் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போனார். ருசி பார்க்க இருக்கட்டும் என்று என் பையில் இரண்டு பழம் போட்டிருந்தார்.

மண்டபத்தில் நூறு பேராவது இருப்பார்கள். மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் அந்த சார் உட்கார்ந்திருந்தார். டை கட்டியிருந்தார். மேஜை மேல் மடிக்கணினி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில் பித்தளைக் கம்பி. வருகிறவர் கம்பியைக் கையில் பிடிக்க வேண்டும், அவர் திரையைப் பார்த்துப் படிப்பார். கிட்னி வீக், நரம்பு வீக், இம்யூனிட்டி இத்தனை பர்சென்ட். எல்லோருக்கும் குறைவுதான். நிறைவாக இருந்த ஒரு ஆளைக்கூட நான் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. அவர் கண்ணெல்லாம் திரையில் இருந்தது, எனக்கும் அவருக்கும் நடுவில் மேஜை. மடியில் பையிலிருந்த மாம்பழத்தின் மேல் கம்பியை அழுத்திப் பிடித்தேன். அவர் படித்தார்: "லிவர் கொஞ்சம் வீக் மேடம். கால்சியம் கம்மி. இம்யூனிட்டி ஐம்பத்தெட்டு பர்சென்ட், பரவால்ல, மூணு மாசம் கோர்ஸ் எடுத்தா சரி பண்ணிடலாம்."

பழத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். "இதுக்கா லிவர் வீக்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டேன்.

இனி ஆள் ஓடுவான் என்று நினைத்தேன். அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புன்னகை மாறாமல், "பழத்துலயும் உயிரு இருக்கில்ல மேடம், அதையும் மெஷின் புடிக்குது" என்றார். கூட்டம் தலையாட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், தலையாட்டியது. பின்னால் ஒரு அம்மா, "ஔனு, நிஜமே கதா" என்று ஆமோதித்தார். என் மாப்பிள்ளையே, "அவரு சொல்றதும் கரெக்ட்டுதானக்கா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். கஸ்தூரிதான் என் முழங்கையை வீங்கின கையாலேயே தட்டி, "வாக்கா, போலாம்" என்றாள்.

வாசலில் நின்று சண்டை போட்டோம். முனிரத்தினம் செகண்ட் கோர்ஸுக்கு ஆறாயிரத்து ஐநூறு ரூபாயை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் விடவில்லை. திருப்பதி டாக்டரைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறோம், அதற்கப்புறம் உன் இஷ்டம் என்றேன். முகாம் மறுநாள் சாயங்காலம் வரை இருந்தது. அவர் லாரிக்குத் திரும்பினார், நாங்கள் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர். பஸ் நிற்கும்போதெல்லாம் ஏறிக்கொள்ளலாம், அவ்வளவு அடிக்கடி இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆந்திராவில் பெண்களுக்கு எக்ஸ்பிரஸ் பஸ் வரைக்கும் இலவசம். கஸ்தூரி ஆதாரை நீட்டினாள், கண்டக்டர் பூஜ்ஜிய டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நானும் நீட்டினேன். அவர் விலாசத்தைப் படித்துவிட்டு, "தமிழ்நாடா அம்மா? டப்பு இவ்வாலி" என்று காசுக்குக் கையை நீட்டினார். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்திக்குக் காசு, ஒருத்திக்கு இலவசம். கஸ்தூரி சந்திரகிரி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்துகளில் இரண்டு பேருக்கு எழுநூறு எண்ணூறு ரூபாயில் சுமாரான அறை கிடைக்கும். சனி, ஞாயிறு என்றால் இரண்டு மடங்கு. காலை ஏழு மணிக்கு டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கத் தொடங்குகிறார்கள். ஆறரைக்குப் போயும் முப்பதாவது ஆளாக நின்றோம். வரிசையில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள். சத்தியவேடு, வரதய்யபாளையம், திருத்தணி, பள்ளிப்பட்டு என்று நாலாபக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். சுவரில் இருந்த எழுத்தெல்லாம் தெலுங்கும் ஆங்கிலமும்.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். கையை மூடு என்றார். கஸ்தூரி முயற்சி செய்தாள். மூன்று விரல் பாதி மடங்கியது, சுட்டுவிரல் நட்ட குச்சி மாதிரி நின்றது. எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி, பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். "வாப்பு தக்கிந்தனி மாத்ரலு ஆப்பேசாரா?" என்று கேட்டுவிட்டு, நான் விழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "வாப்பு கொறஞ்சதும் மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"ஆமா மேடம், வாய்வு கொறஞ்சிடுச்சில்ல" என்றாள் கஸ்தூரி.

"வாயு காதம்மா, வாயு இல்ல, வாப்பு!"

"ஆமா மேடம், அதான். வாய்வு."

டாக்டர் எழுந்து வந்து அவள் சுட்டுவிரல் கணுவைத் தொட்டு லேசாக அழுத்தினார். கஸ்தூரி துடித்துப்போனாள். "இதோ, இது. இதுதான் வாப்பு."

கஸ்தூரி தன் விரலையே பார்த்தாள். "இது வீக்கமாச்சே மேடம்" என்றாள் மெதுவாக.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தெலுங்கில் வீக்கத்துக்கு வாப்பு என்று பெயர். போன வருடம் மாத்திரை கொடுத்த கவுன்ட்டரில் இருந்த பெண், இது வாப்புக்கு, வாப்பு குறைந்துவிட்டதென்று நிறுத்தக்கூடாது என்று தெலுங்கில் கடகடவென்று ஒப்பித்திருக்கிறார். கஸ்தூரிக்குத் தெரிந்தது கம்பெனித் தெலுங்கு, காலர், பட்டன், ஓவர்டைம், லீவு. அவள் காதில் வாய்வு என்று விழுந்திருக்கிறது. மூட்டு வலிக்கு வாய்வு என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாராவது சந்தேகப்படுவார்களா? கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வாய்வு மாத்திரையை யார் ஆயுள் முழுக்கச் சாப்பிடுவார்கள்? நிறுத்திவிட்டாள்.

டாக்டரிடமே கோபத்தைக் காட்டினேன். வாசலில் பாதிப் பேர் தமிழ், ஒரு வார்த்தை தமிழில் சொல்ல ஆள் போடக்கூடாதா என்றேன். அவருக்கும் கோபம் வந்தது. "வெளிய எத்தன பேரு இருக்காங்க, பாத்தீங்களா? ஒருத்தருக்கு எத்தன நிமிஷம் குடுக்க முடியும்?" என்றார். பிறகு நாற்காலியைக் கஸ்தூரி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் உயிரியல் டீச்சர் என்று சொன்னதும், "அப்ப நீங்களே வீட்ல சொல்லிக் குடுக்கணும், நல்லா கேளுங்க" என்றார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். நம் உடம்பில் டி செல் என்று ஒரு வகை வெள்ளணு உண்டு. எதிரியை அடையாளம் கண்டு மற்ற அணுக்களை ஏவி விடுவது அதன் வேலை. ஆனால் அடையாளம் தெரிந்த மாத்திரத்தில் அது பாய்ந்துவிடாது. டாக்டர் கஸ்தூரிக்கு இப்படிச் சொன்னார்: "கொண்ட மேல க்யூ-ல போலீஸ் நிக்கிறாருமா, கையில ஒரு போட்டோ இருக்கு. அந்த மாதிரி ஒரு முகம் வருது. யாரும் சத்தம் போடல, எல்லாம் அமைதியா போகுது. அவரு இன்னா நினைப்பாரு? நம்ம பக்தருதான்னு விட்டுடுவாரு. அதே நேரம் யாராச்சும் தொங்க, தொங்கன்னு கத்தினா புடிச்சிடுவாரு. அந்தக் கத்தல்தான் வாப்பு."

கொண்ட என்றால் மலை, தொங்க என்றால் திருடன். இதை நான் வகுப்பில் வேறு மொழியில் நடத்துகிறேன். ஒரு காயமோ கிருமியோ இருக்கும் இடத்தில் அழற்சி உண்டாகிறது. சூடு, சிவப்பு, வீக்கம், வலி. அங்கிருந்து ஒரு அணு எதிரியின் துணுக்கை எடுத்துக்கொண்டு நெறி கட்டும் இடத்துக்குப் போய் டி செல்லிடம் காட்டுகிறது. அழற்சியைப் பார்த்துவிட்டு வந்த அணு என்றால், துணுக்கோடு சேர்த்து, இது நிஜமான ஆபத்து என்ற இரண்டாவது சைகையையும் கொடுக்கும். கூடவே சுரக்கும் ரசாயனங்கள், எந்த மாதிரிப் படையாக மாற வேண்டும் என்பதையும் சொல்லும். இவை இல்லாமல் வெறும் துணுக்கை மட்டும் பார்த்த டி செல் சோர்ந்து ஒதுங்கிவிடும். நம் உடம்பையே அடையாளம் காணக்கூடிய டி செல்கள் நம் எல்லோருக்குள்ளும் சில இருக்கின்றன. அவை சும்மா கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். தடுப்பூசி போட்டால் கை வலிக்கிறதே, அந்தச் சின்ன அழற்சி இல்லாவிட்டால் ஊசியால் பெரிய பயனிருக்காது. ஆகவே வீக்கம் கெட்டதல்ல, வேலை முடிந்ததும் அடங்க வேண்டும், அவ்வளவுதான். அடக்குவதற்கென்றே தனியாக ஒரு வகை டி செல்லும் இருக்கிறது.

கஸ்தூரியின் மூட்டில் அடங்கவில்லை. உள்ளே யாரோ நிறுத்தாமல் திருடன் திருடன் என்று கத்திக்கொண்டே இருக்கிறார்கள், அதுவும் வீட்டு ஆளைப் பார்த்து. அந்தச் சத்தத்தில் டி செல்கள் விழிக்கின்றன. அவை மற்ற அணுக்களை உசுப்புகின்றன. அந்த அணுக்கள் இன்னும் அழற்சியைக் கிளப்புகின்றன, அது இன்னும் டி செல்களைக் கூப்பிடுகிறது. அழற்சி நீடித்தால் அடக்க வேண்டிய அணுக்களின் பேச்சும் எடுபடாது. இந்தச் சண்டையில் அரைபடுவது குருத்தெலும்பும் எலும்பும். அவள் நிறுத்திய மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை, அந்தச் சத்தத்தைக் குறைப்பதற்காகக் கொடுத்தது. வலி போனதும் நிறுத்துவதற்காக அல்ல.

"அப்ப எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மி இல்லயா மேடம்?" என்று கேட்டாள் கஸ்தூரி.

"கம்மியா? உன் எதிர்ப்புதான்மா உன்னையே அடிக்குது. இதுல யாரு அத ஏத்தச் சொன்னது?"

பையில் கொண்டுவந்திருந்த டப்பாவை எடுத்து வைத்தேன். டாக்டர் திருப்பிப் பார்த்தார், என்னென்ன கலந்திருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை. இரண்டு நாளில் வலி போனதா, முகம் எப்போது வட்டமானது என்று கேட்டார். பரிசோதிக்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். ஸ்டீராய்டு என்பது எதிர்ப்பை அமுக்குகிற மருந்து. எதிர்ப்பு சக்தியை ஏற்றுகிறேன் என்று டப்பாவில் சிங்கம் போட்டு, எதிர்ப்பை அமுக்குகிற சரக்கை உள்ளே வைத்து, அளவு சொல்லாமல், பத்தியம் சொல்லாமல் விற்றிருக்கக்கூடும். எனக்கு நாக்கு வரைக்கும் கெட்ட வார்த்தை வந்தது. அதிலும் கொடுமை, சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆகாது என்று, அவர் கண்காணிப்பில் அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

எக்ஸ்ரேயில் சுட்டுவிரல் மூட்டு ஓரத்தில் எலியின் பல் பட்ட மாதிரி அரிப்பு. "அரிச்சுப்போன எலும்பு இனிமே வளராது. மத்தத காப்பாத்தலாம்" என்றார். மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால்? என்று நான் கேட்டேன். அவர் மருந்துச் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. முனிரத்தினம். "அக்கா, லோடு எறங்கிடுச்சி. சாரு மூட்ட கட்டிக்கினு கீறாரு, வாங்கட்டுமா?"

கஸ்தூரி போனை என்னிடமிருந்து வாங்கினாள். "யோவ், பவுடரும் வாணா ஒண்ணும் வாணா. நேரா இங்க வா. எனக்கு வாய்வே இல்லயாம்யா. வாப்பாம்."

அந்தப் பக்கம் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "வாப்பா? வாப்புன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமேடி! நீதான வந்து வாய்வுன்ன!" பிறந்ததிலிருந்து தெலுங்கில் புழங்குகிற மனுஷன். அந்த வார்த்தையை அப்படியே கொண்டுவந்து அவர் காதில் போட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். தமிழாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்ததில் ஒரு மூட்டு போயிற்று. நடுத்தெருவில் நின்று அவள் அழுதாள். அவர் அந்தப் பக்கம் அழுதாரா என்று எனக்குத் தெரியாது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். மாம்பழத்துக்கு லிவர் பார்த்த ஆள் மேல். நாலு ஊர்த் தமிழரிடம் காசு வாங்கிக்கொண்டு நாலு வரித் தமிழ் பேசாத கவுன்ட்டர் மேல். கொஞ்சம் நம் பாஷை மேலும்தான். இந்த நோய்க்கு நாம் வைத்திருக்கும் பெயரே முடக்குவாதம், அதிலும் வாதம் என்று காற்றைத்தான் நுழைத்திருக்கிறோம். எதிர்ப்புக்குப் பக்கத்தில் சக்தி என்று வேறு சேர்த்துவிட்டோம். சக்தி என்று பெயர் வைத்த பிறகு அதைக் குறைத்துக்கொள் என்றால் யார் கேட்பார்கள்? எல்லோருக்கும் இன்னும் வேண்டும்.

இதே காரணத்துக்காகத் திருப்பதி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. டோக்கனுக்கு ஆறு மணிக்கே போய்விடுங்கள். பழைய ரிப்போர்ட், எக்ஸ்ரேயோடு, நீங்கள் சாப்பிடும் பவுடர், லேகியம், எண்ணெய் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள். தெலுங்கு புரியும் ஒருவரைக் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் டாக்டர் சொன்னதை அவர் முன்னாலேயே உங்கள் பாஷையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மரத்து இறுகிக் கிடந்தால், மூட்டு வீங்கியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஆரம்பித்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அளவையும் மாற்றாதீர்கள். சாப்பாட்டுக்கு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஆந்திர மீல்ஸ் நன்றாகவே இருக்கும், பருப்புப் பொடிக்கு நெய் கேட்டு வாங்குங்கள். திரும்பி வர அரக்கோணத்துக்கு நேர் ரயில் இருக்கிறது.

செப்டம்பரில் மறுபடி காட்டப் போனோம். வீக்கம் வெகுவாக வடிந்திருந்தது. முகம் பழையபடி ஒடுங்கி, பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறாள், கம்பெனிக்கும் போகிறாள். சுட்டுவிரல் மட்டும் மடங்கவில்லை, மடங்கவும் மடங்காது. "நல்லதாப் போச்சிக்கா, இனிமே யார கேள்வி கேட்டாலும் விரல நீட்டித்தான் கேக்க முடியும்" என்று அதையும் சிரிப்பாக்கிவிட்டாள்.

மாத்திரைக் கவுன்ட்டரில் அதே பெண். அதே வேகத்தில் தெலுங்கில் ஒப்பித்துவிட்டு அட்டையைத் தள்ளினார், அடுத்த ஆளைப் பார்த்தார். கஸ்தூரி நகரவில்லை. இப்போது அவளுக்கு எல்லாம் புரியும், அந்த வார்த்தையை அவள் இனி ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். ஆனாலும் அந்த விரலைக் கண்ணாடித் துவாரத்துக்குள் நீட்டினாள்.

"இன்னொருவாட்டி சொல்லுமா, தமிழ்ல. எனக்கு இல்ல, எனக்குப் பின்னால நிக்கிறவங்களுக்கு."